உள்ளிருந்து சுற்றிய நார்

"அந்த வீட்டை விட்டுடு மச்சான். வேற எவனாவது பாக்கட்டும்."

"ஏன், பேய் இருக்கா?"

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. குழாய் பழசு. தொட்டா கையோட வரும்."

"நீதானே போட்ட? நாலு வருஷத்துல பழசாயிடுமா? உன் வேலையோட லட்சணம் இதுதான்னு ஊரெல்லாம் சொல்லட்டுமா?"

மகாமே சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் இந்தக் கிண்டலுக்குக் கையில் அகப்பட்ட குழாய்த் துண்டைத் தூக்கி எறிந்திருப்பான். இன்று மருதாணி போட்ட சிவப்புத் தாடியை நீவியபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த அம்மா தினம் போன் பண்றாங்க" என்றான் கொம்போ, பையைப் பைக்கில் கட்டிக்கொண்டே. "நான் போய் ஒரு எட்டு பாத்துட்டு வரேன். நீ இங்க வேலையை முடி."

"கொம்போ, சொன்னாக் கேளு."

"வரேன் மச்சான்."

டாங்கா ஊரில் இரும்புக் குழாய் போட வேண்டுமென்றால் இந்த இருவரைத்தான் கூப்பிடுவார்கள். கொம்போவின் ஒரே தங்கை சிகுதானியைக் கட்டியவன் மகாமே. சிகு கற்றாழை நார் ஆலையில் நாரைச் சீவித் தூசு தட்டும் வேலை பார்த்தவள். நீர் ஒழுகாமலிருக்கக் குழாய் மரைகளில் சுற்றுவதற்காக, இருப்பதிலேயே மெல்லிய நாரை எடுத்துத் தலைமுடியைப் போலவே சீவி, புருஷனின் பையில் வைத்து அனுப்புவாள். தன் பின்னல்களின் நுனியை நார்மூட்டை கட்டும் சிவப்பு நூலால் இறுகச் சுற்றிக்கொள்வாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் வீடு திரும்பவில்லை. யாரோ லாரிக்காரனோடு மொம்பாசா போய்விட்டாள் என்று மகாமே சொன்னான். சொல்லிவிட்டு அழவும் செய்தான்.

கொம்போ நம்பவில்லை. ஆனாலும் தங்கையின் புகைப்படத்தோடு மொம்பாசா போய் லாரி நிற்கும் இடமெல்லாம் அலைந்தான். திரும்பி வந்து காசு சேர்த்து மறுபடியும் போனான். இன்றைக்கும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவான். உயிரோடு இருக்கிறாளா, இல்லையா. அவனுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

முன்பு கற்றாழைத் தோட்டத்து மேனேஜர் குடியிருந்த வீடு அது. கல்சுவர், தகரக் கூரை. நாலு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் கற்றாழை வரிசைகள், மண்ணில் நட்டு வைத்த வாள்களைப் போல. மழைக்காலத்து வானம் கூரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. காலை பத்து மணிக்கே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது.

வீட்டை வாங்கியிருந்த ரிசிக்கி அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா ராசா? இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா என் ஜனாசாவைத் தூக்கவே வந்திருக்கலாம்."

"மன்னிச்சுக்கங்கம்மா. எங்க ஒழுகுது?"

"எங்க ஒழுகலன்னு கேளு. முதல்ல இதை மோந்து பாரு."

அவர் சமையலறைக் குழாயைத் திறந்தார். நீர் மெலிதாக, துருவின் நிறத்தில் வந்தது. அதோடு கூட ஒரு வாசனையும் வந்தது.

கிராம்பு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்.

கொம்போவுக்குச் சிகுவின் தலை வாசனை நினைவுக்கு வந்தது. இந்தக் கரையில் பாதிப் பெண்கள் தலைக்குத் தேய்ப்பது அதைத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

"சுவருக்குள்ள வேற ஏதோ திரும்பிக்கிட்டே இருக்கு" என்றார் ரிசிக்கி அம்மா.

"காத்து அடைச்சிருக்கும்மா. திறந்துவிட்டா சரியாயிடும்."

"காத்து பேசுமா?"

"என்ன பேசுச்சு?"

"அண்ணான்னு கூப்பிட்டுச்சு. ஏழு பிள்ளை பெத்தவ நான். யாருக்குடா நான் அண்ணன்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தண்ணீரை நிறுத்தினால் சமையலுக்கு வேண்டுமே என்று இரண்டு வாளிகளையும் குடையையும் எடுத்துக்கொண்டு, தோட்டத்துக்கு அப்பால் இருந்த பக்கத்து வீட்டுக்குப் புறப்பட்டார். மேசையில் அவனுக்காக எண்ணெயில் பொரித்த மந்தாசியும் டீயும் மூடி வைத்திருந்தார்.

கொம்போ பின்பக்கம் போனான். பழைய கல்தொட்டி ஒன்றின் மேல் சிமெண்ட் பலகை போட்டு மூடி, அதன் மேல் இரும்புக் கால்களில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் மகாமேயின் வேலை. வால்வை மூடினான். குழாயில் மிச்சமிருந்த நீரை வடித்தான். உள்ளே வந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து, யூனியன் இணைப்பைக் கழற்றிவிட்டு, முதல் எல்போ வளைவில் ரெஞ்சை மாட்டினான்.

வரவில்லை.

உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினான். மரை முனகியது. பிறகு, நெடுநாள் காத்திருந்ததைப் போல, தானாகவே லேசாகிச் சுழன்று கையில் வந்தது.

மரையில் சுற்றியிருந்தது கறுப்பாக இருந்தது.

பசையில் ஊறி நார் கறுத்திருக்கிறது என்று நினைத்தான். நகத்தால் ஒரு இழையை இழுத்தான். நார் என்றால் அறுந்திருக்கும். இது நீண்டது. சுருண்டது. விட்டதும் மறுபடியும் மரைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

முடி.

ஆனால் அவன் பின்வாங்கியது முடியைக் கண்டல்ல, அது சுற்றியிருந்த விதத்தைக் கண்டு. குழாயின் வாயைத் தன்னைப் பார்க்கத் திருப்பிப் பிடித்து, வலமாகத்தான் சுற்ற வேண்டும். அப்போதுதான் இறுக்க இறுக்க உள்ளே போய் அமரும். மாற்றிச் சுற்றினால் இறுக்கும்போதே பிதுங்கி வெளியே வந்துவிடும். குழாய் வேலைக்கு வந்த முதல் நாளே கற்றுக்கொள்வது இது. இந்த முடி இடமாகச் சுற்றியிருந்தது. ஆனாலும் கல்லாக இறுகியிருந்தது.

வெளியே நிற்பவனுக்குத்தான் அது இடம்.

குழாய்க்குள்ளே இருந்து சுற்றினால், வலம்.

போனை எடுத்தான்.

"மச்சான், என்னய்யா பண்ணி வச்சிருக்க? மரையில நார் இல்ல. முடி இருக்கு."

மறுமுனையில் மகாமே கையிலிருந்ததைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

"எத்தனை திறந்த?"

"ஒண்ணுதான். எதுக்கு..."

"பின்னால திருப்பாதே. எதையும் தொடாதே. அப்படியே உக்காந்திரு. வந்துட்டேன்."

போன் அறுந்தது. மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் இரைச்சலில் வீடு ஒரு பாத்திரம் போல அதிர்ந்தது. கொம்போ உட்கார்ந்துதான் இருந்தான். மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது குளியலறைப் பக்கம் ஒரு சத்தம்.

கிர்ர்ர்.

இரும்பு மரை இரும்பு மரைக்குள் திரும்பும் சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் அவனுக்கு அது தெரியும்.

போய்ப் பார்த்தான். குளியலறைச் சுவரோரமாகப் போன குழாயின் இணைப்பு ஒன்று பாதி கழன்று நின்றது. அந்த இடைவெளியில் முடி இழைகள் நனைந்து தொங்கின. கிராம்பு வாசனை அந்தச் சின்ன அறையை நிறைத்தது. யாரோ குளித்துவிட்டு இப்போதுதான் வெளியே போனதைப் போல.

கொம்போ கையாலேயே மீதியைச் சுழற்றிக் கழற்றினான். முடி சுற்றுச் சுற்றாகப் பிரிந்து அவன் விரல்களில் படிந்தது. கடைசிச் சுற்றில் ஒரு பின்னலின் நுனி இருந்தது. அறுபட்ட பின்னல். அதன் முனையில், இறுகச் சுற்றிய சிவப்பு நூல்.

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நூலை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான். 

பைக் வந்து நின்றது கேட்டது. சமையலறைக் கதவு சுவரில் மோதியது. மகாமே சொட்டச் சொட்ட நனைந்து, பெரிய ரெஞ்சைக் கையில் பிடித்து நின்றான். அவன் கண்கள் கொம்போவைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த குழாயின் வாயையே பார்த்தன.

"எத்தனை திறந்த?"

கொம்போ எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டினான். சிவப்பு நூல்.

"இது யாரோடது மச்சான்?"

மகாமே அதைப் பார்த்தான். முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. கை மட்டும் உயர்ந்தது.

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் காதுக்கு வெளியே இல்லாமல் உள்ளே கேட்டது. கொம்போ மேசையோடு சாய்ந்தான். டீயும் மந்தாசியும் சிதறின. இரண்டாவது அடி தாடையில். வாய் முழுக்க இரத்தமும் பல்லும். எழ முயன்றவனின் நெஞ்சில் மகாமே செருப்புக் காலால் மிதித்தான்.

"உக்காருன்னு சொன்னேன்ல? தொடாதேன்னு சொன்னேன்ல?"

பிறகு அவனை அப்படியே விட்டுவிட்டு, தரையில் மண்டியிட்டு, பையிலிருந்து நாரைப் பிய்த்தெடுத்து மரையில் சுற்ற ஆரம்பித்தான்.  சுற்று பிசகவில்லை. வலம், வலம், வலம். வெள்ளைப் பசையை அப்பினான். எல்போவை மாட்டி ரெஞ்சால் இறுக்கினான்.

"இங்கதான் சாப்பாடு கொண்டு வந்தா" என்றான், கொம்போவிடம் சொல்வதைப் போலவும் குழாயிடம் சொல்வதைப் போலவும். "கொண்டு வந்து வச்சுட்டு, இனிமே உன்கூட இருக்க மாட்டேன், எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்னா. உன் வீட்டுக்குத்தான்டா. ஒரே அடி. அதோட முடிஞ்சுடும்னு நெனச்சேன். முடியல. கண்ணை மூடினா தலைமாட்டுல வந்து உக்காந்து நார் சீவுறா. மந்திர வைத்தியன்தான் சொன்னான். முடியை வெட்டி இரும்புல கட்டு, வலமா சுத்து, இறுக்கு, பின்னால மட்டும் திருப்பாதேன்னு. ஒவ்வொரு மரையா கட்டினேன். இந்த வீடு முழுக்கக் கட்டினேன். நாலு வருஷம் தூங்கினேன் மச்சான்."

நிமிர்ந்து பார்த்தான். அழுதுகொண்டிருந்தான்.

"நீ திருப்பிட்ட."

கிர்ர்ர்.

அவன் இப்போதுதான் இறுக்கிய எல்போ, அவன் கண்ணெதிரே, கால் சுற்று பின்னால் போனது.

மகாமே ரெஞ்சை மாட்டி இழுத்துப் பிடித்தான். குளியலறையில் ஒன்று திரும்பியது. கூடத்துச் சுவரில் ஒன்று. கூரைக்குக் கீழே ஒன்று. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், வீட்டிலிருந்த மரையெல்லாம் கழன்றுகொண்டு வந்தன. குழாய்கள் சுவரிலிருந்து துள்ளின. திறந்த வாய் ஒவ்வொன்றிலிருந்தும் கறுப்பாக, ஈரமாக, ஒன்று இறங்கித் தரையைத் தடவிக்கொண்டு வந்தது.

சத்தம் சமையலறை ஜன்னலைத் தாண்டி வெளியே, தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போனது.

"கடைசி மரை!" என்று அலறினான் மகாமே. ரெஞ்சோடு மழைக்குள் ஓடினான்.

கொம்போ ஒரு கையால் தரையைப் பற்றி இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தான். தொங்கிய தோள் ஒவ்வொரு அசைவுக்கும் உயிரைப் பிடுங்கியது. தொட்டியின் கால்களுக்கு நடுவே, வால்வுக்குக் கீழே இருந்த தடித்த குழாயின் இணைப்பில் ரெஞ்சை மாட்டி, மகாமே தன் உடம்பு முழுவதையும் அதில் தொங்கவிட்டிருந்தான்.

ரெஞ்ச் பின்னால் திரும்பியது.

அவன் விடவில்லை. அது அவனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு திரும்பியது. கைப்பிடி இரும்புக் காலில் முட்டியபோது, நடுவில் சிக்கிய அவன் மணிக்கட்டு பச்சைக் குச்சி போல முறிந்தது. அவன் கத்தியது மழையில் கரைந்தது. மற்றக் கையால் மரையையே இறுகப் பொத்திப் பிடித்தான். விரலிடுக்குகளில் முடி கசிந்தது. கசிந்து, அவன் விரல்களைச் சுற்றியது. ஒவ்வொரு விரலாக. பிறகு மணிக்கட்டை. பிறகு தாடியை எட்டிப் பிடித்து முகத்தைக் குழாயோடு இழுத்து வைத்தது.

"மச்சான்! ரெஞ்சைப் பிடி! இன்னும் ரெண்டு சுத்துல கழண்டுடும். இறுக்கு! வலமா! உன் கால்ல விழறேன், ஒரே ஒரு இறுக்கு!"

கொம்போ சிமெண்ட் பலகையின் மேல் முழங்காலிட்டு நகர்ந்து வந்தான். ரெஞ்ச் இன்னும் மரையைக் கவ்விக்கொண்டுதான் இருந்தது. நல்ல கையால் அதைப் பிடித்தான். இரத்தத்தைத் துப்பினான்.

"சிகு எங்க?"

"இறுக்குடா முதல்ல!"

"எங்க?"

"கீழ" என்றான் மகாமே. "உன் முட்டிக்குக் கீழ. கல்தொட்டிக்குள்ள."

கொம்போ குனிந்து பலகையைப் பார்த்தான். மழைநீர் அதன் மேல் சிறு சிறு வட்டங்களாகச் சுழன்றுகொண்டிருந்தது. நாலு வருஷம். இரண்டு முறை மொம்பாசா. லாரிக்காரர்களின் முகங்கள். அவள் இங்கே இருந்தாள், பைக்கில் போனால் அரைமணி நேரத் தூரத்தில்.

"அண்ணா" என்றது குழாய்.

அவன் ரெஞ்சைத் திருப்பினான்.

இடமாக.

இணைப்பு விட்டது. குழாயின் வாய் திறந்தது. இரண்டு விரல் நுழையும் வாய், அவ்வளவுதான். அதற்குள் முதலில் மகாமேயின் விரல்கள் போயின. எலும்புகள் ஒவ்வொன்றாக நொறுங்கிய சத்தத்தை மழையால் மறைக்க முடியவில்லை. கை போனது. முழங்கை நின்றது. குழாய் ஒரு முறை உதறியது. முழங்கையும் போனது. தோள் வாயில் வந்து முட்டியபோது அவன் இன்னும் உயிரோடு இருந்தான், இன்னும் கொம்போவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொம்போ கண்ணை மூடிக்கொண்டான். காதை மூட ஒரு கை போதவில்லை.

ரிசிக்கி அம்மா குடையோடு திரும்பி வந்தபோது அவன் பலகையின் மேல் குப்புறப் படுத்து, அதை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தான்.

போலீஸ் பலகையை உடைத்தது. சிகு உள்ளே இருந்தாள், கல்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி. பக்கத்தில் மூடி திறக்காத சாப்பாட்டு டப்பா. மண்டையில் ஒரு பிளவு. எலும்போடு ஒட்டியிருந்த துணி மக்கவில்லை. ஆனால் தொட்டிக்குள் ஒரு முடி கூட இல்லை. மகாமே கற்றாழைக் காட்டுக்குள் ஓடிவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். ஓடியவன் ஏன் ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போனான் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு விரல் நுழையும் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

கொம்போ பார்த்தான். கட்டுப்போட்ட தோளோடு போய், வீட்டின் ஒவ்வொரு மரையிலிருந்தும் தங்கையின் முடியை இழை விடாமல் எடுத்தான். அந்த ஊர்ப் பெண்கள் சீவி உதிர்ந்த முடியைக் கண்ட இடத்தில் போடுவதில்லை. வேண்டாதவன் கையில் கிடைக்கக் கூடாது. அவன் அதை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து, அவளோடு சேர்த்தே புதைத்தான். அதன் பிறகு அந்த வீட்டில் கிராம்பு வாசனை வரவில்லை என்று ரிசிக்கி அம்மா சொன்னார்.

தொட்டிக்குக் கீழே இருந்த கடைசி மரையில் மட்டும் வேறொன்று சிக்கியிருந்தது. குட்டையாக, முரடாக, மருதாணிச் சிவப்பில் ஒரு கொத்து. அதை அவன் யாரிடமும் காட்டவில்லை.

தோள் எலும்பு கூடியதும், ஒரு காலையில், கொம்போ தன் வீட்டுச் சமையலறைக் குழாயைக் கழற்றினான். அவன் மனைவி ஆஷூரா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"அது நல்லாத்தானே இருந்துச்சு? ஒழுகுச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு நோண்டுற? ஊர் வீட்டுக் குழாயெல்லாம் காத்துக்கிட்டு இருக்கு, துரை சொந்த வீட்டுல ஆரம்பிச்சுட்டாரு."

அவன் குழாயின் வாயைத் தன்னைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தான். சட்டைப் பையிலிருந்து எடுத்ததை மரையில் வைத்து, அதன் மேல் நாரைச் சுற்றினான். வலம், வலம், வலம். பசையைத் தடவினான். மாட்டினான். ரெஞ்சில் தன் முழுப் பாரத்தையும் போட்டு, மரை முனகி நிற்கும் வரை இறுக்கினான். ஒரு சொட்டுக் கூட ஒழுகவில்லை.

அதற்குப் பிறகு ஆஷூரா அந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பதில்லை. காரணம் கேட்டால் தண்ணீர் துருவாக வருகிறது என்பாள். கொம்போ மட்டும் தினமும் காலையில் அங்கேதான் முகம் கழுவுகிறான். குழாயைத் திறந்து, குனிந்து, நீர் விழுகிற சத்தத்துக்கு அடியில் வருவதைக் கேட்டுக்கொண்டே, அவசரமில்லாமல் கழுவுகிறான்.

"மச்சான்... ஒரே ஒரு சுத்து. பின்னால திருப்பு மச்சான்."